மாமியாருக்கு உடம்பு சரியில்லை

ஜூன் 3

டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "என்ன திடீர் அக்கறை" என்பாய். ஆகவே கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மழை விட்டதிலிருந்தே ஒன்றும் சரியில்லை. முதுகெல்லாம் புண். தோல் அங்கங்கே வெளுத்து, வட்டம் வட்டமாகத் தடித்திருக்கிறது. மூச்சில் ஒரு கரகரப்பு. சாப்பாடு இறங்கவில்லை, வாயில் வைப்பதோடு சரி. என்னைக் கண்டதும் ஒரு முறைப்பு வருமே, அதுகூட இப்போது இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இங்கே இரண்டு டாக்டர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், இது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் படித்தவள் நீதான். பழைய கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு எட்டு வந்து பார்.

படகுத்துறையிலிருந்து,
உன் கணவன்


ஜூன் 9

கேப்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, குறுக்கே பேச முடியாத கடிதம்தான் நமக்குச் சரி என்று ஒப்புக்கொண்டோம். உண்மைதான். அதற்காக உயிர் போகிற செய்தியையுமா தபாலில் போடுவார்கள்? அம்மாவுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஆய்வக இயக்குநரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கி, கையில் கிடைத்த மருந்தையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு, அரை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். அம்மாவைப் பார்த்துச் சிரித்தானாமே ஒரு டாக்டர், அவனை என்ன செய்யலாம் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் தலையணைக்கு அடியில். நான் விடவில்லை. அவளை இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, முதுகைக் காட்டச் சொன்னேன்.

"என்னடி பண்றே? எனக்கு என்ன?"

"முதுகுல புண்ணுன்னாங்களே."

"புண்ணா? எனக்கா? யாரு சொன்னா? அவரா?" என்றாள். துடைத்த துணியை மடித்துக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாக, "மார்க்கெட்ல சொன்னாங்க. உன் வீட்டுக்காரர் படகுக்கு ஒரு டால்பின் வருதாம். அதுக்கு மாமியார்னு பேரு வெச்சிருக்காராம். யாரோட மாமியாருன்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வரிவரியாகப் படித்தேன். சரியில்லை, இல்லை, இறங்கவில்லை. எல்லாவற்றையும் இல்லையில் முடித்திருக்கிறீர்கள். ஒரே ஒரு இடத்தில் "சாப்பிட்டது" என்றோ "சாப்பிட்டாங்க" என்றோ எழுதியிருந்தால் உயர்திணையா அஃறிணையா என்று எனக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் அதை எதற்குச் சொல்லிக்கொடுத்தார் என்று இப்போதாவது புரிகிறதா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். துறைக்கு வரவில்லை. வந்திருந்தால் உங்களைக் கடலில் தள்ளியிருப்பேன்.

இனி டாக்டராக எழுதுகிறேன். புண் என்ன நிறம்? தடிப்பா, பள்ளமா? முதுகில் மட்டுமா, வயிற்றிலுமா? சாக்கடைக் கால்வாய்த் தண்ணீர் கலக்கும் பக்கமாகவே சுற்றுகிறதா? எல்லாவற்றுக்கும் முன்னால், கையால் மீன் கொடுப்பதை நிறுத்துங்கள். இதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
மாமியாரின் மகள்


ஜூன் 14

டாக்டரம்மாவுக்கு,

உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தார்கள். நான் கொண்டுபோன பழப் பையை வாங்கி எனக்கே திருப்பிக் கொடுத்து, "உங்க மாமியாருக்குக் குடுங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டார்கள்.

பெயர் வைத்த கதையையாவது கேள். அதை நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. தானாக வரும். படகை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கும். எதிலோ குறை கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமூச்சு விடும். போய்விடும். ஏறியிருந்த பயணி ஒருவர் "எங்க மாமியார் மாதிரியே இருக்குப்பா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. உன் அம்மாவை மனதில் வைத்து அல்ல. சரி, கொஞ்சம் மனதில் இருந்தது. கூடவே வந்து, இப்போது தானும் மீன் வாங்கித் தின்கிற குட்டிக்கு மச்சான் என்று பெயர். மாமியார் பிள்ளையை வேறு என்னவென்று கூப்பிடுவது? நீ ஒரே பிள்ளை என்று எப்போதும் அலுத்துக்கொள்வாயே, உனக்கு ஒரு தம்பி கிடைத்தான் என்று வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். புண் சாம்பல் வெள்ளை, ஓரம் கறுப்பு. தடிப்புத்தான், சிலது நடுவில் பள்ளம். வயிற்றிலும் இருக்கிறது. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் பழைய வெட்டு ஒன்று, படகு இன்ஜின் விசிறி பட்டது. என் படகு இல்லை. வாய் ஓரத்தில் நைலான் நரம்பு ஒன்று தொங்குகிறது. தூண்டில் கயிறு உள்ளே போயிருக்க வேண்டும். ஆமாம், கால்வாய்ப் பக்கமேதான் சுற்றுகிறது. வெளியே போக முடியாது. துறைமுகத்தை ஆழப்படுத்துகிறோம் என்று ஒரு இயந்திரத்தை விரிகுடா வாயிலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது போடுகிற சத்தத்தில் எனக்கே பல் கூசுகிறது. தண்ணீருக்குள் காதால் பார்க்கிற ஜீவன் அதைத் தாண்டி எப்படிப் போகும்?

மீன் கொடுப்பதை நான் நிறுத்தினால் மட்டும் என்ன ஆகும்? பக்கத்துப் படகுக்காரர், நம்ம விசில், வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனை டால்பினும் அவர் பக்கம் போய்விடும். அவர் கொடுக்கிறது நேற்றைய மீன். நானாவது நல்ல மீன் கொடுக்கிறேன். நீ சொன்னபடி எல்லாப் பயணிக்கும் கையுறை கொடுத்துத்தான் கொடுக்கச் சொல்கிறேன். மனுஷன் கைக்கிருமி அதற்கு ஒட்டக்கூடாது என்று நீதானே சொன்னாய்? மெல்லிசு பிளாஸ்டிக் உறை. மணிக்கட்டில் நம் படகின் நீல நங்கூரத்தையும் அச்சடித்து வாங்கினேன். சுத்தத்துக்குச் சுத்தம், விளம்பரத்துக்கு விளம்பரம். உன் பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறாயே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

இந்தப் படகைச் சாக்காக வைத்துத்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். போ. ஆனால் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவள் துறைவரை பத்து நிமிஷம் நடந்திருக்கக் கூடாதா? உன் ஆய்வக மேஜைக்கு வருவதெல்லாம் செத்துத்தான் வருகிறது. உயிரோடு ஒன்றைக் காட்டத்தான் கூப்பிட்டேன்.

உன் கணவன்
(இன்னும்)


ஜூன் 20

கேப்டன் அவர்களுக்கு,

பதில் தெளிவாக இருந்தது. பாராட்டவில்லை, சொல்கிறேன்.

இது உப்பில்லாத நல்ல தண்ணீரால் வருகிற நோய். நாம் குளியலறையில் நேரம் போவது தெரியாமல் நின்றால் விரல் ஊறிச் சுருங்குகிறதே, அதுதான் ஆரம்பம். நாம் வெளியே வந்து துடைத்துக்கொள்கிறோம். மழைத் தண்ணீர் வாரக்கணக்கில் விரிகுடாவுக்குள் தேங்கினால் அது எங்கே போய்த் துடைத்துக்கொள்ளும்? தோல் வீங்கும், வெடிக்கும், சாக்கடையில் வருகிற அத்தனை கிருமியும் அதில் குடியேறும். வலியில் வேட்டையாடாது. பட்டினி கிடந்தால் கொழுப்பு கரையும். தொழிற்சாலைக் கழிவில் வந்து அத்தனை வருஷமாகக் கொழுப்பில் ஒதுங்கிக் கிடந்த நஞ்சு அப்போது இரத்தத்துக்கு வரும். அதன் பிறகு சளி பிடித்தால்கூடத் தாங்காது.

மருந்து என்ன என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீர், அமைதி, தானே பிடித்த மீன். மூன்றும் என் பையில் இல்லை.

இயக்குநரிடம் போனேன். ஒரு குழுவை அனுப்புங்கள் என்றேன். "உயிரோட இருந்தா அது வேற டிபார்ட்மென்ட்மா. செத்தாத்தான் நம்மகிட்ட வரும்" என்றார். அந்த வேறு துறைக்குப் போன் செய்தேன். கடலுக்குள் இருப்பது துறைமுகத்தின் பொறுப்பு என்றார்கள். துறைமுகத்தில் எடுத்தவர், "மீனுக்கா மேடம்?" என்றார். மீன் இல்லை என்று விளக்கினேன். நம்மைப் போல மூச்சு விடும், பால் கொடுக்கும் என்றேன். "அப்போ கால்நடைத் துறைக்குப் பேசுங்க" என்று வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியவில்லை. அலுவலகப் போன் என்பதால் அடிக்கவில்லை.

விசில் கொடுக்கிறார், அதனால் நானும் கொடுக்கிறேன் என்பதெல்லாம் ஒரு பதிலா? கையில் கொடுத்துக் கொடுத்துப் படகென்றால் சோறு என்று பழக்கிவிட்டீர்கள். அதனால்தான் விசிறிக்குப் பக்கத்தில் வருகிறது. அதனால்தான் எவன் தூண்டிலில் தொங்குவதையும் கொத்துகிறது. குட்டியும் அதையே பார்த்துக் கற்றுக்கொள்கிறது. நல்ல மீனா கெட்ட மீனா என்பதல்ல கேள்வி.

துறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வந்தால் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பியிருப்பேன். அதற்குத் தெம்பு இல்லை. போதுமா?

அம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். ஆனால் நேற்று போனில், "அந்தப் பொம்பளைக்கு இப்போ எப்படி இருக்காம்?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
டாக்டர்


ஜூலை 2

டாக்டரம்மாவுக்கு,

மாமியார் போய்விட்டாள்.

காலையில் அலைதடுப்புக் கற்களுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தாள். விசில்தான் முதலில் பார்த்து வந்து சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு சவாரியும் போகவில்லை. ஐஸ் வண்டிக்காரரைப் பிடித்து, ஈரச் சாக்கு போர்த்தி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நானும் வண்டியில் ஏறத்தான் பார்த்தேன். முடியவில்லை. நீ கத்தியை எடுப்பதை நான் பார்க்க வேண்டாம்.

மச்சான் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறான். தூக்கிய பிறகும் அங்கேயே இருந்தான்.

இப்போது உன் டிபார்ட்மென்ட் ஆகிவிட்டதல்லவா? நன்றாகப் பார்.

உன் கணவன்


ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

கிண்டல் எதுவும் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நுரையீரல் இரண்டும் சீழ் கட்டியிருந்தது. தோல் நான் நினைத்ததைவிட மோசம். தொண்டையில் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று. சதை அதை மூடி வளர்ந்திருந்தது. உடம்பில் கொழுப்பு என்று பெயருக்குத்தான் இருந்தது. வயிறு காலி என்றுதான் நினைத்தேன். தொட்டால் கெட்டியாக ஏதோ இருந்தது. திறந்தேன்.

கையுறை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, பந்து மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவி, தட்டில் விரித்து வைத்தேன். ஐந்து விரலும் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் நீல நங்கூரம்.

என் உதவியாளர் பெண், "யாரோ விரிச்ச கை மாதிரியே இருக்கு மேடம்" என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மீன் கொடுக்கும்போது உருவிக்கொண்டு போயிருக்கும். மீன் வாசத்தோடு தண்ணீரில் விழுந்தால் அதற்கு மீன் எது, உறை எது? நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? "கையால் கொடுக்காதீர்கள், கொடுத்தே தீருவேன் என்றால் உறையாவது போட்டுத் தொலையுங்கள்" என்றேன். எரிச்சலில் சொன்னது. அதில் முன்பாதியைக் காற்றில் விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும், நங்கூரம் வேறு அச்சடித்து, செய்து முடித்திருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை நீங்கள் சிரத்தையாகச் செய்தது இது ஒன்றுதான். எனக்கு உங்கள் மேல் கோபப்படுவதா, என் மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் நடக்கிறது.

எது கொன்றது என்று அறிக்கையில் ஒரே வரியில் எழுதச் சொல்கிறார்கள். மழைத் தண்ணீரா, சாக்கடையா, முள்ளா, சத்தமா, உறையா? எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கொன்றோம் என்று எழுத அதில் இடம் இல்லை. என் கணவர் படகு சம்பந்தப்பட்டது, வேறொருவர் எழுதட்டும் என்று கேட்டேன். வேறு ஆள் இல்லை. ஆகவே நான்தான் எழுதப்போகிறேன். கண்டதையெல்லாம் எழுதுவேன். உறையையும், நங்கூரத்தையும். இது துறைமுக அலுவலகத்துக்குப் போகும். உள் விரிகுடாவில் சவாரியை மூடினாலும் மூடுவார்கள். கால்வாயையும் அந்த இயந்திரத்தையும் தொடுவார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். உங்கள் படகைத் தொடுவது சுலபம். கையெழுத்துப் போடும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

இனி குட்டியைப் பற்றி. அதற்குப் பால் மறக்கிற வயது ஆகிவிட்டது, மீன் தின்னும் என்று உங்கள் முன் கடிதங்களை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. தானே பிடிக்கக் கற்றுக்கொண்டால் பிழைக்கும். படகில் கை நீட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த வண்டியில் இங்கே வரும். அந்தச் சின்ன உடம்பை இந்த மேஜையில் என்னால் பார்க்க முடியாது. யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. நீங்களும். விசிலும். ஒன்றே ஒன்று என்றுகூட.

உங்கள்,
(கையெழுத்துப் போட இன்று மனமில்லை)


ஜூலை 15

அறிக்கை அதிகாரி அவர்களுக்கு,

எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள். படித்தவர் கை.

மிச்சமிருக்கிற உறைகளை என்ன செய்தேன் என்று கேட்க மாட்டாய். அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொளுத்தலாம் என்று பார்த்தேன். பிளாஸ்டிக் புகை என்று அதற்கும் ஒரு கடிதம் எழுதுவாய். அப்படியே அறை மூலையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் காலில் இடிக்கிறது.

மூணு பருவமாக அந்தக் கையுறையைப் போடாத பயணியைப் படகில் ஏற்றியதில்லை நான். சண்டை போட்டிருக்கிறேன். "என் மனைவி டாக்டர், அவ சொல்லியிருக்கா, போட்டாத்தான் ஏத்துவேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீ இல்லாத வீட்டில் உன் பேச்சு நடக்கிறது என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நீ தட்டில் விரித்து வைத்திருக்கிறாய். இனி நான் எதை நம்பிக் கேட்பது? சொல்லும்போது முழுசாகச் சொல்லு, இல்லை சொல்லாதே.

என் கோபத்தை எழுதியாகிவிட்டது. இனி மச்சானைப் பற்றி.

மாமியாரை வண்டியில் ஏற்றிய மறுநாளே படகுக்கு வந்துவிட்டான். மூக்கால் படகை முட்டினான். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் வந்து முட்டினான். திரும்பிக்கொண்டேன். தண்ணீரை வாயில் எடுத்து என் மேல் துப்பினான். அவன் அம்மா செய்கிற அதே வேலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு ஒரு மீன் கொடுத்தேன். உன் "ஒன்றே ஒன்றுகூட" அதற்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தது. இப்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் இளைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்து காட்டுகிறான். பயணிகள் என்னைத் திட்டுகிறார்கள். "பாவம், குட்டி பசியா இருக்கு, உங்களுக்கு மனசே இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். நான் என்ன சொல்வது? என் மனைவி டாக்டர் என்றா?

விசிலிடம் பேசினேன். "நீ நிறுத்தினா எனக்கு நல்லதுதானேப்பா" என்றார். சொல்லிவிட்டு அவரே, "தூக்கினப்போ அது எவ்ளோ லேசா இருந்துச்சு இல்ல?" என்றார். அதற்கப்புறம் அவர் விசில் அடித்து நான் கேட்கவில்லை. நாளைக்கு என்ன செய்வாரோ, தெரியாது.

அவன் செத்துப்போனால் பட்டினி போட்டது நானாக இருப்பேன். அதையும் உன் அறிக்கையில் சேர்த்துக்கொள்.

படகுக்காரன்


ஜூலை 27

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

உறையைப் பற்றிய பகுதியில், உறை போடச் சொல்லி ஆலோசனை கூறியது இந்த அறிக்கையை எழுதும் மருத்துவரே என்று ஒரு வரி சேர்த்தேன். இயக்குநர் கூப்பிட்டு, "குடும்ப விஷயமெல்லாம் எதுக்கும்மா? பிளாஸ்டிக் பொருள்னு போட்டுட்டுப் போங்க" என்றார். நங்கூரம் யாருடையது என்று எழுதுவேன், உறை யாருடைய யோசனை என்று எழுத மாட்டேனா? அந்த வரியை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வரி அப்படியே இருக்கிறது. அவர் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. பரவாயில்லை, அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் ஓய்வு.

இன்னொரு கூத்து. தட்டச்சுப் பெண் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "மேடம், இறந்தது யாரு?" என்றாள். வாங்கிப் பார்த்தால், பக்கம் முழுக்க "அதன் தோல், அதன் நுரையீரல்" என்று எழுதிக்கொண்டே வந்து, வயிறு வந்த இடத்தில் "அவள் வயிற்றில்" என்று எழுதியிருக்கிறேன். உங்களோடு கடிதம் எழுதிக் கெட்டுப்போன புத்தி. திருத்திவிட்டேன்.

நீங்கள் எழுதியது நியாயம்தான். முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது முழுசாகச் சொல்கிறேன், பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்.

பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தால் போதாது. நீங்கள் அங்கே இருக்கும்வரை அது நம்பிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் படகு என்றாலே வேண்டாம் என்று ஆக வேண்டும். வரும்போது துடுப்புக் கட்டையால் தண்ணீரை ஓங்கி அடியுங்கள். அதை அல்ல, தண்ணீரை. சத்தம் போடுங்கள். அப்புறம் அந்த இடத்தைவிட்டு மெதுவாகப் போய்விடுங்கள். மறுபடி வந்தால் மறுபடி அடியுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள், தெரியாது. பலிக்குமா என்று கேட்டாலும் தெரியாது. இதைச் செய்ய உங்களைவிட வேறு ஆள் கிடையாது. உங்களைத்தான் அது நம்புகிறது. அதனால்தான் நீங்கள் துரத்த வேண்டியிருக்கிறது.

எனக்கு இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அம்மா தினமும் போன் செய்கிறாள். எனக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்கிறாள். பெற்ற மகள் நான்தான் என்று நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

உங்கள் மனைவி


செப்டம்பர் 10

டாக்டரம்மாவுக்கு,

நடுவில் எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

உத்தரவு வந்துவிட்டது. உள் விரிகுடாவில் சுற்றுலாப் படகு கூடாது, கையால் தீனி கூடாது. நீ சொன்னபடியே கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இயந்திரம் வாயிலில் நின்று இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. நான் இப்போது துறைமுக வேலைக்குப் போகிறவர்களை இங்கே ஏற்றி அக்கரையில் இறக்குகிறேன். விசிலும் அதேதான். முதல் வாரம் உன்னைத் திட்டினார். இப்போது சவாரி இல்லாத நேரத்தில் கற்கள் மேல் உட்கார்ந்து, தூண்டில் போட வருகிறவர்களை விரட்டுகிறார். விசில் அடித்துத்தான் விரட்டுகிறார்.

நீ சொன்னதை முழுசாகச் செய்தேன். முதல் நாள் துடுப்பால் அடித்தபோது மச்சான் விளையாட்டு என்று நினைத்துவிட்டான். வாலால் அவனும் பதிலுக்கு ஒரு அடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தோற்றேன். மறுநாள் சிரிக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "போடா, போய்த் தொலைடா" என்று. படகில் இருந்த தொழிலாளிகள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்கள். தினமும் இதுதான். தினமும் வருவான், தினமும் அடிப்பேன். தலையைத் தூக்கி என்னையே பார்ப்பான். நீ சொன்ன "தண்ணீரை, அதை அல்ல" என்பதெல்லாம் அவனுக்குத் தெரியுமா? ஒரு நாள் அக்கரையில் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன். போன் செய்து உன்னைத் திட்டலாமா என்று எடுத்தேன். கடிதம்தான் என்று பேசியிருக்கிறோமே என்று வைத்துவிட்டேன்.

போன வாரம் வருவது குறைந்தது. முந்தாநாள் காலையில் வாயிலுக்குப் பக்கத்தில் அவன் முதுகுத் துடுப்பைப் பார்த்தேன். நான் கட்டையை இன்னும் எடுக்கவே இல்லை. என் இன்ஜின் சத்தம் கேட்டதும் திரும்பினான். நேராக அந்தப் பக்கம் போய்விட்டான். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஓடிய முதல் டால்பின். பலித்துவிட்டது, நீ கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமா?

நேற்று படகை எடுக்காமல், கற்கள் மேல் ஏறி, விசிலின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஆழமில்லாத இடத்தில் ஒரு மீன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். தப்பவிட்டான். மறுபடி ஓட்டினான். தப்பவிட்டான். அப்புறம் வாயில் வெள்ளியாக ஒன்று மின்னியது. விழுங்கினான். நான் துள்ளிவிட்டேன். கைதட்டத் தூக்கிய கையை அப்படியே கட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு வந்துவிட்டால்? விசிலும் வாய்க்குக் கொண்டுபோன விரலை எடுத்துவிட்டார். இரண்டு கிழட்டு முட்டாள்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

பிழைப்பானா என்று தெரியாது. முதுகில் அவனுக்கும் ஒரு வெள்ளைத் தடிப்பு இருக்கிறது. அடுத்த மழை வரும். கால்வாய் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி நானும் விசிலும் சேர்ந்து துறைமுகத்துக்கு எழுதப்போகிறோம். எப்படி எழுதினால் அவர்கள் மண்டையில் ஏறும் என்று உனக்குத்தான் தெரியும். என் எழுத்தை நம்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததல்ல.

நீ இங்கிருந்து போனபோது வைத்த குற்றம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டது. சவாரி இல்லை. தீனி இல்லை. உறை இல்லை, விசில் தன் பழைய மீன் பெட்டிகளோடு சேர்த்துப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். வீட்டில் உனக்குக் கோபப்பட இப்போது ஒன்றுமே மிச்சமில்லை. வேறு ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டு வா.

படகில் கூட்டிப்போக மாட்டேன். கற்கள் மேல் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ரொம்பச் சின்னதாகத் தெரிவான். ஆனால் உயிரோடு தெரிவான்.

உன் கணவன்